ஆறு பேர் மேசையில் எத்தனை இலை விழும்?

பண்டிகைச் சாப்பாட்டுக்கு மேசையை எப்படி அலங்கரிப்பது என்று கேட்டு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அலங்காரத்தைப் பூவிலிருந்து தொடங்குவதில்லை, இலையிலிருந்துதான் தொடங்குவேன். இலையும் டம்ளரும் வைத்த பிறகு மேசையில் மிஞ்சும் இடம்தான் மற்ற எல்லாவற்றுக்கும்.

பொங்கலுக்கு ஆறு பேர் உட்காரும் மேசையில் தலைவாழை இலை போட ஆசை. நடுவில் பெரிய உருளி வைத்துப் பூ மிதக்க விடலாமா அக்கா? (திருப்பூர்)

கடைக்காரர் ‘ஆறு பேர் மேசை’ என்று சொல்வது தட்டுக் கணக்கு. அந்த மேசை பெரும்பாலும் 5 அடி நீளம், 3 அடி அகலம் இருக்கும். நல்ல நுனி இலை ஒன்றரை அடி நீளம் வரும், அகலம் ஒரு அடியை ஒட்டி. ஒரு பக்கத்துக்கு மூன்று இலை போட்டால் நாலரை அடி போய்விடும். இலைகள் எப்படியோ அடங்கும், முழங்கைகள் அடங்காது. பக்கத்துக்கு இரண்டு பேர் என்றால் நிம்மதி. ஆறு பேரும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும் என்றால், நீளப் பக்கத்தில் இரண்டிரண்டு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொன்று போட்டு, எல்லா இலையையும் அடிப்பக்கம் நறுக்கி ஒன்றேகால் அடியாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மூலையில் இலையும் இலையும் முட்டும்.

இப்போது உருளிக்கு வருவோம். எதிரெதிரே இரண்டு இலை, விளிம்பில் இரண்டிரண்டு அங்குலம் இடைவெளி. போக நடுவில் மிஞ்சுவது சுமார் 8 அங்குலம். அதில்தான் டம்ளரும் நெய்க் கிண்ணமும் நிற்க வேண்டும். பெரிய உருளியை வாசலிலோ கூடத்து ஸ்டூலிலோ வையுங்கள், அங்கே அதற்கு மரியாதை. மேசைக்கு உள்ளங்கை அளவுப் பித்தளைக் கிண்ணங்கள் இரண்டு போதும். சாம்பார் வாளி, சாதப் பாத்திரம் எதுவும் மேசைக்கு வரவே கூடாது. பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அங்கிருந்து பரிமாறுங்கள்.

மேசையில் இலை போட்டால் ரசம் மடிக்கு ஓடி வருகிறது. தரையில் இந்தத் தொல்லை இல்லையே? (தஞ்சாவூர்)

தரையிலும் ஓடும், தரையோடு போய்விடும். மேசையில் அது பட்டுப்புடவைக்கு வருகிறது! நடு நரம்பு தடித்து நிற்பதால் இலை படியாமல் ஒரு பக்கம் சாய்வதுதான் காரணம். இலையைக் கவிழ்த்துப் பின்பக்கத்து நரம்பின் மேடான பகுதியைக் கத்தியால் மெல்லச் சீவுங்கள். அப்புறம் அடுப்புத் தணலில் இலையை லேசாகக் காட்டி எடுத்தால் வளைந்து படியும், ஓரமும் கிழியாது. ரொம்ப நேரம் காட்டினால் நிறம் மங்கிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போட வேண்டும். குழந்தைகளுக்கு ரசத்தைக் கிண்ணத்தில் கொடுத்துவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

சாப்பாட்டு மேசைக்கு எந்தப் பூ நல்லது? மல்லிகைச் சரம் சுற்றலாமா? (மதுரை)

மதுரைக்காரர் மல்லிகையைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் மேசைக்கு வேண்டாம் என்பேன். மல்லிகை வாசமும் சாம்பார் வாசமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். மல்லிகையைத் தலைக்கும் சாமி படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மரிக்கொழுந்துக்கும் இதே பதில்தான்.

மேசைக்கு எனக்குப் பிடித்தது வாடாமல்லி. வாசமில்லை, பெயருக்கேற்ப நாள் முழுக்க வாடாது, இதழும் உதிராது. மஞ்சள் சாமந்தி, கோழிக்கொண்டை இரண்டும் நன்றாக இருக்கும். எதுவானாலும் கிண்ணத்துக்குள் இருக்கட்டும். சந்தைப் பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், அதை இலைமேல் தூவுவது சரியில்லை. உயரமும் கவனம்: எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பூ மறைக்கக் கூடாது. ஒரு சாணுக்குமேல் போக வேண்டாம்.

இரண்டு பூக்களைச் சாப்பாட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒன்று அரளி. பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான். இன்னொன்று செங்காந்தள். நம் மாநில மலர்தான், பார்க்க அத்தனை அழகு, ஆனால் செடி முழுக்க நஞ்சு. சின்னப் பிள்ளைகள் கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் வீடுகளில் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

பொங்கலுக்குப் பூவே இல்லாமல் அலங்கரிக்க முடியுமா?

பொங்கலுக்குப் பூவே தேவையில்லை என்பது என் கட்சி. இலையோடு கூடிய மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, மொச்சைக் காய், ஒரு சின்னப் பரங்கிக்காய். மண் போகக் கழுவித் துடைத்து, ஒரு முறத்தில் சரித்து வையுங்கள். மேசையில் இடமில்லை என்றால் முறம் பரிமாறும் பெஞ்சுக்குப் போகட்டும். மறுநாள் அதுவே குழம்புக்கும் ஆகும். கரும்பை மட்டும் மேசைக்கு ஏற்றாதீர்கள். வெட்டிய கணுவுக்கு எறும்பு வரிசை கட்டி வரும், தோகை கையைக் கிழிக்கும். வாசலில் கட்டுங்கள்.

மேசைமேல் கோலம் போடலாமா?

சாப்பிடும் இடத்தில் கல்மாவும் கலர்ப் பொடியும் கூடாது. பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்த மாவில் போடுங்கள். அதையும் நேராக மேசையில் போடாமல் ஒரு மரப்பலகையில் போட்டு, காய்ந்ததும் நடுவில் வைத்தால் மேசையின் வார்னிஷ் தப்பிக்கும். கோலத்துக்கு மேல் விளக்கு எதுவும் வேண்டாம், அதுவே போதும்.

கல்யாண மண்டபத்தில் விரிப்பது போல பிளாஸ்டிக் ரோல் விரித்தால் சுத்தம் செய்வது சுலபமாயிற்றே? (சேலம்)

சுலபம்தான், ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாளும் இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் பண்டிகை நாளில் அது பார்க்க நன்றாகவா இருக்கிறது? பழைய சுங்குடிப் புடவை ஒன்றை நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்து விரியுங்கள். பழையது என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதுச் சுங்குடி முதல் சில தண்ணீருக்குச் சாயம் விடும். இலையிலிருந்து சொட்டும் ஈரத்தில் மேசை சிவந்துவிடும். பத்தமடைப் பாய் இருந்தால் நடுவில் மட்டும் ஒரு பட்டையாக ஓடவிடலாம், கோரைக்கு ஈரம் ஆகாது என்பதால் இலைக்கு அடியில் வேண்டாம்.

தீபாவளி காலையில் இட்லி, கறிக்குழம்பு. அதற்கும் தலைவாழை இலையா?

தேவையே இல்லை. நறுக்கிய ஏடு, அதாவது நுனியில்லாத இலைத் துண்டு, போதும். எலும்பு போட ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைத்தால் இலை கடைசிவரை பார்க்கும்படி இருக்கும்.

கிறிஸ்துமஸ் மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றினால் மின்விசிறியில் அணைந்துவிடுகிறது. (நாகர்கோவில்)

கண்ணாடிக் குடுவைக்குள் வையுங்கள், வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம். பனி மாதிரி இருக்கும் என்று பஞ்சு தூவுகிறார்களே, அதை மெழுகுவர்த்தியிலிருந்து எட்ட வையுங்கள், சட்டென்று பற்றும். உங்கள் ஊரில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் இருக்கும்போது வேறு அலங்காரம் எதற்கு என்றும் தோன்றுகிறது. உயரமான கேக் தட்டில் அடுக்கி நடுவில் வைத்துப் பாருங்கள்.

பெருநாளுக்கு சஹன் வைக்கிறோம். மேசையில் எப்படி அழகாக்குவது? (காயல்பட்டினம்)

மேசையில் ஏற்றாதீர்கள். சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அதன் அழகு. நல்ல விரிப்பு, சாய்ந்துகொள்ளத் தலையணை, கை கழுவச் செம்பு, அவ்வளவுதான். மேசையை வட்டலப்பத்துக்கும் பழத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

சாப்பிடுபவருக்கு இடது பக்கம் நுனி. வலது கையால் பிசைந்து சாப்பிட அகலமான பக்கம் வலப்புறம் வேண்டும். மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், கறிகாய். கீழ்ப் பாதியில் சாதம். பாயசத்தை எந்த மூலையில் முதலில் தொட்டு வைப்பது என்பதில் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. அதில் நான் தலையிட மாட்டேன்.

இங்கே தமிழ்க் கடையில் உறைய வைத்த இலைதான் கிடைக்கிறது. விரித்தாலே கிழிகிறது. (டொராண்டோ)

உறைந்தபடியே பிரிப்பதால்தான் கிழிகிறது. முதல் நாள் இரவே பொட்டலத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். முழுக்க இளகிய பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து, வெந்நீரில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். அப்படியும் பச்சை கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். முழு இலையாகப் போட முயலாமல், தட்டின் வட்டத்துக்குக் கத்தரித்து எவர்சில்வர் தட்டில் படிய வையுங்கள். கிழிந்த துண்டுகளை வீணாக்காமல் வடை, அப்பளம் வைக்கும் தட்டுகளுக்கு அடியில் போடலாம்.