துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளில் எவ்வளவு சுற்றலாம்?

கேள்வி: முதல்முறையாகக் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போகிறோம். 6, 10 வயதில் இரண்டு பிள்ளைகள். மூட்டுவலியுள்ள என் அம்மாவும் வருகிறார். ஒரு துறைமுகத்தில் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்குமாம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேர்வதா, நாங்களே ஊர் சுற்றுவதா?

பதில்: ஒன்பது மணி நேரம் என்பது காகிதத்தில்தான். காலையில் துறைமுக அதிகாரிகள் அனுமதித்த பிறகே இறங்க விடுவார்கள். மாலையில், புறப்படுவதற்கு அரை மணி முன்பாவது எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சில கப்பல்களில் ஒரு மணி நேரம். அதனால் திட்டத்தை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஏற வேண்டிய நேரம் 4.30 என்றால், 3.30க்கே துறைமுக வாசலுக்கு வந்துவிடுங்கள். கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் சில இடங்களில் வேறுபடும். செல்போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். இறங்கும்போதே கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தூரம். அட்டவணையில் ரோம் என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பதோ சிவிதாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இப்படிப்பட்ட இடங்களுக்குக் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவே நல்லது. அவர்களின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனால் இரண்டும் கிடையாது. ஊர் பக்கத்திலேயே இருந்தால் நீங்களே போய் வாருங்கள். பிள்ளைகள் களைத்த நேரத்தில் திரும்பிவிடலாம், கூட்டத்தோடு ஓட வேண்டியதில்லை.

உங்கள் அம்மாவுக்காக ஒன்றை முன்பே விசாரியுங்கள்: கப்பல் கரையில் கட்டப்படுமா, கடலில் நங்கூரமிட்டு நிற்குமா? நங்கூரம் என்றால் டெண்டர் எனப்படும் சிறு படகில்தான் கரை சேர வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும். ஊழியர்கள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொள்ள, சரியான நொடியில் காலெடுத்து வைக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது சிரமம். எல்லோரும் சேர்ந்தே போயாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். துறைமுக நாளில் கப்பல் கிட்டத்தட்ட காலியாக இருக்கும், நீச்சல்குளத்தில் கூட்டம் இருக்காது. அம்மா கப்பலிலேயே நிம்மதியாக இருக்கலாம். சின்னவனோ சின்னவளோ பாட்டியோடு இருக்க ஆசைப்பட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பை. ஆளுக்கொரு கப்பல் அட்டை (கப்பலில் ஏறி இறங்கும்போது காட்ட வேண்டியது), பெரியவர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை, தண்ணீர், தொப்பி. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோவதா என்பதைக் கப்பலில் சொல்வார்கள். நாட்டுக்கு நாடு அது மாறும். கப்பலில் இருந்து பழம், சமைத்த உணவு எதையும் எடுத்துப் போகாதீர்கள், பல நாடுகளில் தடை. தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ துறைமுக முகவரின், அதாவது அந்த ஊரில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவரின், தொலைபேசி எண் இருக்கும். அதைத் தாளில் எழுதிப் பெரிய பிள்ளையின் பையிலும் ஒன்று வையுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான்.