மூன்று பயிற்றுநர்கள், ஒரு மேனேஜர்: எந்த முடிவு யாருடையது?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் உள்ள ஒரு காற்பந்துக் கழகத்தின் செயலாளர் நான். பெரியவர் அணி ஒன்றும் 16 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றும் இருக்கின்றன. இவ்வாண்டு ஏ.எஃப்.சி. (ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு) ‘பி’ உரிமம் பெற்ற ஒருவரைத் தலைமைப் பயிற்றுநராக எடுத்தோம். நெடுநாள் பயிற்சி கொடுத்துவந்த மூத்தவர் இப்போது துணைப் பயிற்றுநர். கோல் காவலர் பயிற்றுநர், பிசியோ (காயங்களைக் கவனிக்கும் இயன்மருத்துவர்), குழு மேனேஜர் ஆகியோரும் உண்டு. செலவில் பெரும்பகுதியை ஏற்பவர் மேனேஜர்தான். ஆட்டத்தன்று மூன்று பேர் கத்துகிறார்கள், இரண்டு பேர் ஆள் மாற்றச் சொல்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் கழகத்தில் எல்லாருக்கும் பதவி இருக்கிறது. எந்த முடிவு யாருடையது என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. உரிமம் அதைத் தீர்த்துவைக்காது. ‘சி’, ‘பி’, ‘ஏ’, ‘புரோ’ என்ற படிகள் ஒருவர் என்ன கற்றிருக்கிறார் என்பதைக் காட்டும். அதிகாரம் செயற்குழு தரும் நியமனக் கடிதத்திலிருந்துதான் வரும். 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவான கழகம் என்றால் உங்கள் சட்டவிதிக்கு முரணில்லாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதி, கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.

ஆட்ட முறை, வாரப் பயிற்சித் திட்டம், முதல் பதினொருவர், ஆள் மாற்றம் ஆகிய நான்கும் தலைமைப் பயிற்றுநருடையவை. மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் முடிவு ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். செயற்குழு மாதம் ஒருமுறை கணக்குக் கேட்கலாம், ஆட்டத்துக்கு முந்தின இரவு கேட்கக் கூடாது.

மேனேஜரின் வேலை பதிவு, ஜெர்சி, வண்டி, ஆட்டக்காரர் பட்டியல், பெற்றோர் தொடர்பு. பணம் தருகிறார் என்பதற்காகக் குழுத் தேர்வில் அவருக்குக் குரல் கொடுத்தால், யாரைப் பார்த்தால் இடம் கிடைக்கும் என்பதை ஆட்டக்காரர்கள் வெகு சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். அதன்பின் எந்தப் பயிற்றுநர் வந்தாலும் பயனில்லை. இதை அவரிடம் நேரில், மரியாதையோடு, செயற்குழுத் தலைவரே பேச வேண்டும். பயிற்றுநர் தலையில் அதைப் போடாதீர்கள்.

ஆட்டத்தன்று நடக்கும் கூச்சலுக்குக் காற்பந்துச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. பயிற்றுநர்களுக்கான எல்லைக்குள்ளிருந்து ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஆட்ட உத்தி சொல்லலாம். 2019 முதல் பயிற்றுநர் குழுவினருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. தவறு செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் அங்கிருப்போரில் பொறுப்பில் உயர்ந்த பயிற்றுநருக்கே அட்டை போகும். மேனேஜர் நடுவரைத் திட்டினால், அட்டை வாங்கி வெளியே உட்காரப்போவது உங்கள் தலைமைப் பயிற்றுநராக இருக்கலாம்.

ஆள் மாற்றத்தில் நஷ்டம் இன்னும் நேரடியானது. ஐந்து மாற்றம் அனுமதிக்கும் போட்டிகளில், இடைவேளை நீங்கலாக, மூன்று தடவைதான் ஆட்டத்தை நிறுத்தி மாற்றலாம். துணைப் பயிற்றுநர் சொல்லி 60வது நிமிடத்தில் ஒருவர், மேனேஜர் சொல்லி 63வது நிமிடத்தில் இன்னொருவர் என்று போனால் இரண்டு தடவை தீர்ந்துவிடும். ஒன்றாகச் செய்திருந்தால் ஒன்றுதான் செலவாகியிருக்கும். அதனால், தலைமைப் பயிற்றுநர் முடிவெடுக்கட்டும், துணைப் பயிற்றுநர் மீதமுள்ள எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொண்டு அவருக்குச் சொல்லட்டும், மேனேஜர் சீட்டை எழுதி அதிகாரியிடம் கொடுக்கட்டும். உங்கள் லீக்கில் மாற்று விதி வேறாக இருக்கலாம், போட்டி விதியை முன்கூட்டியே படித்துவையுங்கள்.

இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகாது. முதல் மூன்று நிமிடம் தண்ணீர், பிசியோ, அமைதி. அந்நேரம் பயிற்றுநர்கள் வெளியே நின்று பேசி இரண்டு மூன்று விஷயங்களைத் தேர்ந்துகொள்ளட்டும். பிறகு தலைமைப் பயிற்றுநர் மட்டும் ஐந்து நிமிடம் பேசட்டும். கோல் காவலருக்கான பேச்சு அதற்குப் பின், தனியே.

பிசியோவின் அதிகாரத்தில் யாருக்கும் பங்கில்லை, தலைமைப் பயிற்றுநருக்கும்தான். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்து லீக்கில் செல்சி, சுவான்சி கழகங்கள் மோதிய ஆட்டத்தின் கடைசி நேரத்தில் நடுவர் அழைத்ததால் செல்சி மருத்துவர் ஈவா கார்னெய்ரோ திடலுக்குள் ஓடினார். சிகிச்சை பெற்றவர் வெளியேற வேண்டியிருந்ததால், ஏற்கெனவே ஒருவரை இழந்திருந்த அணி சற்று நேரம் ஒன்பது பேரோடு ஆடியது. பயிற்றுநர் மொரின்யோ வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். விவகாரம் தீர்ப்பாயம் வரை போய், மறு ஆண்டு கழகம் மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டது. உங்கள் கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே அந்த ஆட்டக்காரருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. பிசியோ வராத நாளில் முதலுதவி தெரிந்தவரின் பெயரும் கடிதத்தில் இருக்கட்டும்.

கோலாலம்பூரில் மாலைப் பயிற்சி என்றாலே இடி, மின்னல் உண்டு. இடி கேட்டதும் யார் வேண்டுமானாலும் பயிற்சியை நிறுத்தலாம், பதினைந்து வயதுப் பையன் சொன்னாலும் நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கலாம். தொடங்கச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு மட்டுமே, அந்த 30 நிமிடத்தைக் குறைக்கும் அதிகாரம் அவருக்கும் இல்லை.

மூத்த பயிற்றுநரை ‘உதவிக்கு’ என்று சும்மா நிற்க வைப்பது அவருக்கும் அவமரியாதை, கழகத்துக்கும் இழப்பு. முழுப் பொறுப்பாக ஒரு பகுதியைக் கொடுங்கள்: கார்னர், ஃப்ரீ கிக் இரண்டிலும் தாக்குதல், தற்காப்பு ஏற்பாடு முழுவதும். ஆட்டத்துக்கு முந்தின பயிற்சியில் 15 நிமிடம் அவருடையது, அதில் யாரும் குறுக்கிடக் கூடாது. 2021இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் இதற்கென்றே நிக்கோலாஸ் ஜோவரை எடுத்தது, ஆகவே இதை ஒதுக்கிவைக்கும் வேலையாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. கோல் காவலர் பயிற்றுநருக்கு 90 நிமிடப் பயிற்சியில் முதல் 25 நிமிடம் தனியே போதும். அதற்குமேல் தனியே வைத்திருந்தால் காவலர்கள் தற்காப்பு வரிசையோடு பேசிப் பழக மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: 16 வயது அணியின் நல்ல பையனைப் பெரியவர் அணி இழுக்கும்போது யார் சொல்வது? 16 வயது அணியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்றுநர்தான். வாரத்தில் அவன் ஆடும் மொத்த நிமிடங்களை அவரே குறித்துவைக்கட்டும், வார இறுதியில் ஒரு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். இரு பயிற்றுநர்களும் தனித்தனியே நியாயமாக நடந்துகொண்டாலும் கூட்டுச் சுமையை யாரும் பார்க்காவிட்டால் இந்த வயதில் முழங்கால், தொடைத்தசைக் காயங்கள் வரலாம்.

தலைமைப் பயிற்றுநர் வராவிட்டாலோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினாலோ பொறுப்பேற்பவர் பெயரையும் கடிதத்தில் சேருங்கள். அந்த ஆட்டம் முடியும் வரை நான்கு முடிவுகளும் அவருடையவை. வெளியேறியவர் வாட்சாப்பில் கட்டளை அனுப்பக் கூடாது.