வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் கியர் (ஆயுதம், கவசம்) சரியாக இருந்தும், ரெய்டில் (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளோடு போடும் சண்டையில்) என் மேஜின் (மந்திரவாதிக் கதாபாத்திரத்தின்) டேமேஜ் ஏன் கடைசியில் நிற்கிறது? லாக் (சண்டைப் பதிவு) பார்த்தால் தெரியுமா?

கட்டாயம் தெரியும். கியர் சரியாக இருந்தும் ரெய்டில் மேஜ் பின்தங்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் மொத்த டேமேஜ் எண்ணை விட்டுவிட்டு, எத்தனை ஸ்பெல் (மந்திரம்) போட்டீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

செட்டிங்கில் அட்வான்ஸ்டு காம்பேட் லாகிங்கை ஆன் செய்து, சாட்டில் சாய்கோட்டுடன் காம்பேட்லாக் என்று தட்டினால் ஒவ்வொரு அடியும் நேரத்தோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பதிவாகும். அதை வார்கிராஃப்ட் லாக்ஸ் இணையதளத்தில் ஏற்றினால் அலசித் தரும்.

இப்போது கணக்கு. ஒரு ஸ்பெல்லுக்கும் அடுத்ததற்கும் அடிப்படை இடைவெளி 1.5 நொடி. 5 நிமிடச் சண்டை என்றால் 300 நொடி, 1.5 நொடிக்கு மேல் எடுக்கும் ஸ்பெல் இல்லையென்றால் ஏறக்குறைய 200 ஸ்பெல். ஹேஸ்ட் (வேகத்தைக் கூட்டும் பண்பு) இருந்தால் இன்னும் கூடும். உங்கள் காஸ்ட்ஸ் (போட்ட ஸ்பெல்களின்) பக்கத்தில் 150தான் இருக்கிறதா? கால்வாசி நேரம் வரை கை சும்மா இருந்திருக்கலாம். பெரும்பாலும் தரையில் எரியும் நெருப்பிலிருந்து விலகி ஓடும்போதுதான் இது நடக்கும். டைம்லைனில் அந்த வெற்றிடங்கள் கண்ணுக்கே தெரியும். புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் பார்த்த குறை இதுதான்.

அப்புறம், பெரிய கூல்டவுன்களை (ஒரு முறை போட்டால் மீண்டும் போடக் காத்திருக்க வேண்டிய வலுவான திறன்களை) எப்போது அழுத்தினீர்கள் என்று பாருங்கள். 2 நிமிடக் கூல்டவுனை 5 நிமிடத்தில் 3 முறை போடலாம். பலர் பத்திரப்படுத்தி வைத்து ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சாம்பல், பச்சை, ஊதா என்று வரும் பர்சன்டைல் (மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்) நிறத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நெருப்பில் நின்றுகொண்டே அடித்தாலும் அந்த எண் ஏறும், ஆனால் உங்களைக் குணப்படுத்தும் ஹீலர் தவிப்பார். டெத்ஸ் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாவதற்கு முந்தைய சில நொடிகளில் எது அடித்தது என்று அதில் வரிசையாக இருக்கும்.