மறுபடியும் பெற்றோராகிவிட்ட தாத்தா பாட்டிகளின் கேள்விகள்

கேள்வி: மகள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. 4 வயதுப் பேரனிடம் "அம்மா வெளியூர் போயிருக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். எப்போது உண்மையைச் சொல்வது?

பதில்: இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவன் வாசலில் காத்திருப்பது உங்கள் வார்த்தையை நம்பித்தான். வெளியூர் போன அம்மா வரவே இல்லையென்றால், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகத்தான் அந்த வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். நீங்கள் கடைக்குக் கிளம்பினால்கூடக் காலைக் கட்டிக்கொண்டு அழும். "தூங்குகிறாள்" என்றும் சொல்லாதீர்கள். தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு.

பகலில், அவன் பசியோ தூக்கமோ இல்லாமல் இருக்கும் நேரத்தில், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "அம்மா வெளியூர் போகலடா. நாங்க சொன்னது தப்பு. அம்மா இறந்துட்டா. அவ உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. அவளால திரும்பி வர முடியாது. உன்னால இது நடக்கல. உன்னை நாங்க பார்த்துக்கறோம்."

கேட்டுவிட்டு அவன் பொம்மையை எடுத்துக்கொண்டு விளையாடப் போகலாம். மனசில் ஏறவில்லை என்று நினைக்காதீர்கள்; சின்னப் பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். நாளைக்கே "அம்மா எப்ப வருவா?" என்று மறுபடி கேட்பான். இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள்தான் தெளிவாகப் பிடிபடுகிறது. எத்தனை முறை கேட்டாலும் அதே வார்த்தைகளில் அதே பதிலைச் சொல்லுங்கள். அவன் எதிரில் உங்களுக்கும் அழுகை வந்தால் அடக்க வேண்டாம். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றும் வாரக்கணக்கில் கெட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறை அப்பா வந்து பார்த்துவிட்டுப் போனால், 6 வயதுப் பேத்தி இரண்டு நாள் படுக்கையை நனைக்கிறாள், அடம்பிடிக்கிறாள். வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: இதை மட்டும் வைத்து நிறுத்தாதீர்கள். பிரிவு மறுபடி மறுபடி நடப்பதன் வலியாகவும் இது இருக்கலாம். பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு அவர்களோடு தொடர்பில் இருக்கும் உரிமை உண்டு, அது குழந்தையின் நலனுக்கு எதிராக இருந்தாலொழிய என்கிறது 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை.

சந்திப்பைக் குறைவான நேரமும் அடிக்கடியுமாக மாற்றிப் பாருங்கள். நாளும் நேரமும் ஒன்றாகவே இருக்கட்டும். அன்று காலை அப்பா போன் செய்து உறுதிசெய்த பிறகே குழந்தையிடம் சொல்லுங்கள். உடுத்திக் காத்திருந்து ஏமாறுவதுபோல் வேறெதுவும் அவளை உடைக்காது. அவர் போன பிறகு விருந்தாளி, வெளியே போவது எதுவும் வேண்டாம், வழக்கமான இரவு நடைமுறை போதும். ஒவ்வொரு சந்திப்பையும் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள். அவர் போதையில் வந்தாலோ, அவரைக் கண்டு குழந்தை ஒளிந்துகொண்டாலோ, காயம் தெரிந்தாலோ சந்திப்பை நிறுத்திவிட்டு உடனே குழந்தை நலத்துறைக்குத் தெரியப்படுத்துங்கள். அப்போது அந்தக் குறிப்பு உதவும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, கணவருக்கு ரத்த அழுத்தம். வீட்டில் 2 வயதுப் பேரன். மாத்திரைகளை அலமாரி மேல்தட்டில்தான் வைக்கிறோம். போதாதா?

பதில்: போதாது. பூட்டு வேண்டும். வாரநாள் பெயர் போட்ட மாத்திரைப் பெட்டியைக் குழந்தை ஒரே தட்டு தட்டித் திறந்துவிடும். கைப்பை, தலையணை அடி, மேசை மேல் வைத்த "அடுத்த வேளை" மாத்திரை, இவைதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் போகின்றன. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தைக்குச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். பல மணி நேரம் கழித்தும் இறங்கும். ஆகவே "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

காய்ச்சல் மருந்திலும் ஒரு கண் வேண்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; இரு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம்; ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. அதுவே 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் சுமார் 6 மி.லி.; 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. சிரப் அளவை நினைத்துச் சொட்டு மருந்தை 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும்! லேபிளைப் படித்து, சமையல் கரண்டியை விட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தரக்கூடாது.

கேள்வி: என் பிள்ளைகளைக் குப்புறப் படுக்க வைத்துத்தான் வளர்த்தேன். 3 மாதப் பேத்தியையும் அப்படிப் படுக்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் செய்தது அன்றைய அறிவுரை. 1990-களில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்ன பிறகு, பல நாடுகளில் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது பாதிக்கும் கீழே குறைந்தது. உறுதியான மெத்தை, தலையணையும் பொம்மையும் இல்லாத தனிப்படுக்கை, உங்கள் அறையிலேயே. 6 மாதம் வரை தண்ணீர் வேண்டாம், 1 வயது வரை தேன் நாக்கில்கூடத் தடவக்கூடாது.

கேள்வி: எனக்கு 69 வயது. நான் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால்?

பதில்: யார் பார்த்துக்கொள்வார் என்பதை அவரோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். குழந்தையை மாதம் ஓரிரவு அவர் வீட்டில் தங்கப் பழக்குங்கள். உயிலில் அவர் பெயரை எழுதினால் மட்டும் பாதுகாவலர் உரிமை கிடைத்துவிடாது. பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்கள் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ தேவைப்படும். விதி நாட்டுக்கு நாடு மாறும், இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். அதோடு ஒரு தாள்: என்ன மருந்து, எது ஒவ்வாது, பள்ளியில் யார் அழைத்து வரலாம், இரவில் விளக்கு எரிய வேண்டுமா, எந்தப் போர்வை இல்லாமல் தூங்கமாட்டான். அந்த உறை எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிடுங்கள்.