அப்பாவின் ரசீதும் என் ரசீதும்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

பொங்கலுக்கு மனைவியும் பையனும் மாமனார் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் வேலை பாக்கி என்று பொய் சொல்லி நான் வீட்டிலேயே தங்கிவிட்டேன். போகிக்கு எரிக்க ஏதாவது தேறுமா என்று பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினால், உள்ளே சணல் கட்டிய ஒரு கட்டு. 1996-இல் அப்பா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்ட டெபாசிட் ரசீதுகள். 24 சதவீத வட்டி. ஒன்றின் பின்பக்கம் பென்சிலால், “பாப்பா கல்யாணத்துக்கு” என்று எழுதியிருந்தார்.

அடுத்த வருடமே அந்தக் கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டது. எனக்கு அப்போது இருபது வயது. “படிச்ச மனுஷன், இவ்வளவு பேராசையாப்பா?” என்று சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன். இலையை மூடிவிட்டு எழுந்துகொண்டார். சாகும்வரை பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

2022-இல் நானும் அதையே செய்தேன். லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் என்றார்கள். நகையை அடகு வைத்து எட்டு லட்சம் போட்டேன். நான்கு மாதம் வட்டி வந்தது, அப்புறம் கம்பெனியே இல்லை. மனைவிக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. அவனுக்கும் இப்போது இருபது.

நான்கு நாளாகத் தூக்கமில்லை. அப்பா பட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா? ரசீதுகளை எரிக்கவும் மனம் வரவில்லை.

— பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

எரிக்காமல் விட்டீர்களே, நல்லது. உங்கள் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் கொடுங்கள்.

ரத்தம் என்கிறீர்கள். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் வங்கி விழுந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்தச் சூட்டில்தான் மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்தது. 90-களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோது, டெபாசிட் போட்டவர்களைக் காக்க 1997-இல் தமிழக அரசு தனிச் சட்டமே போட்டது. அப்படியும் 2022-இல் ஜனங்கள் பணத்தோடு போய் நின்றார்கள். இத்தனை பேருக்கும் ஒரே ரத்தமா? தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போவார். முதல் சில மாதம் சொன்ன தேதிக்கு வட்டி வரும். அது வந்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் காதில் ஏறாது. உங்களுக்கு வந்த நான்கு மாத வட்டி செய்த வேலை அதுதான்.

‘தெரிந்திருக்க வேண்டாமா’ என்பது இன்று தோன்றுவது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போகுமுன், என்னென்ன நடக்கும் என்று சிலரைக் கணிக்கச் சொன்னார் உளவியலாளர் பாருக் ஃபிஷாஃப். பயணம் முடிந்தபின் ‘அன்று என்ன சொன்னீர்கள்’ என்று கேட்டால், நடந்தவை நடக்கும் என்று, அன்று சொன்னதைவிட உறுதியாகச் சொன்னதாகத்தான் பலருக்கும் நினைவு. முடிவு தெரிந்த மனம் பழைய குழப்பத்தை அழித்துவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பணம் இல்லை, அந்த இலை. அப்பாவுக்கு அன்று நீங்கள் கொடுத்த ‘பேராசை’ என்ற தீர்ப்பை இப்போது உங்களுக்கே வாசித்துக்கொள்கிறீர்கள். பையனும் அதையே வாசிப்பான் என்ற பயத்தில்தான் பண்டிகைக்குக்கூடப் போகவில்லை என்று எனக்குப் படுகிறது. பென்சிலால் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். பேராசைக்காரர் எழுதுகிற வரியா அது?

பையன் வந்ததும் இரண்டு ரசீதையும் அவன் முன்னால் வையுங்கள். புத்திமதியாக ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு போட்டேன், யார் சொல்லிப் போட்டேன், எந்த மாதம் வட்டி நின்றது, இவ்வளவு போதும். கோபப்பட்டால் படட்டும், நீங்கள் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருங்கள். உங்கள் அப்பாவால் முடியாமல் போனது அது ஒன்றுதான்.

தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினாலோ, இருந்து என்ன பயன் என்று தோன்றினாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம் ஒரு கேள்வி. அந்தப் ‘பாப்பா’ உங்கள் தங்கைதானே? அவர் இந்த ரசீதைப் பார்த்திருக்கிறாரா?