பந்து வேண்டாமாம், நீட்தான் வேண்டுமாம்

போன வாரம் நெல்லைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. வாப்பா, உம்மா, கூடவே வாப்பாவின் தம்பியான சாச்சா. கடைசியாக, செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள் பிள்ளை. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட்டில் சொல்லிக்கொள்ளும்படி மதிப்பெண் இல்லை. பள்ளி வாலிபால் அணியில் நான்கு வருஷம் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவள். மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களை ஒரு துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்திருந்தாள்.

சாச்சாதான் பேசினார். "இன்னொரு வருஷம் கோச்சிங் போடுவோம். டாக்டருக்குப் படிக்கிற புள்ளைன்னா நல்ல இடத்துல சம்பந்தம் வரும். பந்தைத் தூக்கிட்டு அலைஞ்சா நம்ம ஜனங்க என்ன சொல்லும்? மார்க்கத்துலயும் இடமில்லை."

வழக்கமாக நான் முதல் பத்து நிமிஷம் ஆறுதல் சொல்வேன். அன்றைக்கு அது இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை. உங்கள் கேள்வியில் டாக்டர் படிப்பு வேலைக்காக வரவில்லை, சம்பந்தத்துக்காக வருகிறது என்று நேராகவே சொல்லிவிட்டேன். உயிரியலில் ஆர்வமிருந்து, மதிப்பெண்ணும் எட்டும் தூரத்தில் இருந்தால் இன்னொரு தடவை எழுதலாம். பிள்ளைக்கு மனமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அப்படியிருக்க, விடுதியோடு சேர்த்து லட்ச ரூபாயைத் தாண்டும் செலவை ஏன் போட வேண்டும்? அது முடிந்ததும் தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டுக்கு நிலத்தை விற்கும் பேச்சு வரும். அந்த நிலம் இவளுடைய தம்பியின் படிப்புக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது.

மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை. அதை மார்க்கம் படித்த ஆலிமிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கேள்வியை ஒழுங்காகக் கேளுங்கள். "பொம்பளைப் புள்ளை விளையாடலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். என்ன உடை, யார் பயிற்சி தருகிறார்கள், யார் பார்க்கிறார்கள், வெளியூர் போட்டிக்கு யார் துணை என்று பிரித்துக் கேளுங்கள். இதைச் சொன்னபோதுதான் அதுவரை வாய் திறக்காமல் இருந்த பிள்ளை பேசினாள். ஆயிஷா நாயகி நபிகளோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதல் தடவை ஜெயித்ததும், பிறகு உடம்பு போட்ட பின் தோற்றதும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறதே என்றாள். சாச்சா டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

உடைதான் தடை என்றால், அந்தத் தடை பல இடங்களில் விளையாட்டு விதியில்தான் இருந்தது. தலையில் துணி கட்டியவரைக் கால்பந்து மைதானத்தில் விடமாட்டோம் என்றிருந்த ஃபிஃபா 2014இல் அந்த விதியை மாற்றியது. அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டது. கூடைப்பந்து 2017இல் வழிவிட்டது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு தடுப்பாட்டம் ஆடினார். நம் பிள்ளையின் ஆட்டத்துக்கே வருவோம். கடற்கரை வாலிபாலில் முழுக்கை, முழுக்கால் உடையை 2012இல் அனுமதித்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் துஆ எல்கோபாஷி ஹிஜாபோடு ஆடினார், அப்போது வயது 19. அவருடன் ஜோடியாக ஆடிய நதா மெயவாத் தலையை மூடவில்லை. ஒரே அணி, ஒரே கொடி, உடை அவரவர் முடிவு. அதற்காக எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2024 பாரிஸில் பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகளுக்கே ஹிஜாபைத் தடுத்தது.

ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். நிஜாமாபாத்தில் நிகத் ஸரீன் குத்துச்சண்டைக்குப் போனபோது அரைக்கால் சட்டை போடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. வாப்பா அசையவில்லை. அவள் 2022லும் 2023லும் உலகச் சாம்பியன் ஆனாள். வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காஸிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள்.

ஆனால் கண்ணு, நீ நிகத் ஆகிவிடுவாய் என்று இதைச் சொல்லவில்லை. மாவட்ட அளவுச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்காது. அந்த 3 சதவீதத்துக்கு அதைவிட மிக உயரத்தில் பதக்கம் வேண்டும். ஆட்டக்காரியாக மட்டும் வாழ்வது கஷ்டம். ஒரு முழங்கால் தசைநார் அறுந்தால் கதை முடிந்தது. "கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் அகாடமி எதற்கும் வாப்பா ஒரு ரூபாய்கூடத் தரக்கூடாது.

நான் சொல்லும் வழியை யாரும் கேட்டு வருவதில்லை. உடற்கல்வி. "பி.டி. டீச்சரா?" என்று உம்மா முகம் சுளித்ததைப் பார்த்தேன். அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில், வாலிபால் அணி இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று வருஷப் பட்டம். விலங்கியலோ ஊட்டச்சத்தோ எடுக்கலாம். அந்த மூன்று வருஷமும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆட வேண்டும். அதன் பிறகு உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். சேர, எந்தப் பட்டமானாலும் 50 சதவீத மதிப்பெண்ணும் போட்டிகளில் பங்கெடுத்த சான்றும் கேட்பார்கள். ஆகவே அந்தத் துணிக்கடைப் பையை இன்றைக்கே ஒரு ஃபைலாக மாற்று. பி.பி.எட். இரண்டு வருஷம். நுழைவில் உடற்திறன் தேர்வு உண்டு. என்ன உடையில் வரலாம் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இதற்கென்றே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை நந்தனத்தில் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது.

அங்கே சும்மா விசில் ஊதக் கற்றுத்தருவதில்லை. உடற்கூறு, உடலியங்கியல், அசைவின் இயக்கவியல், காயமும் முதலுதவியும், நடுவர் பணி, பயிற்சி முறை, வகுப்பெடுக்கும் பழக்கம் எல்லாம் உண்டு. நீட்டுக்கு மனப்பாடம் செய்த உயிரியல் இங்கேதான் உயிர் பெறும். மேலே உடற்கல்வி முதுநிலைப் பட்டமான எம்.பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதலாம். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி வேலைக்குப் போகலாம். பயிற்சியாளராக விருப்பம் என்றால் பாட்டியாலாவில் 1961 முதல் நடக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஒரு வருஷ டிப்ளமோ. வேலை மறுநாளே மடியில் விழாது. அரசு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை தனியார் பள்ளிச் சம்பளம் குறைவுதான். கோச்சிங் கடனோடு காத்திருப்பதற்குக் கடனில்லாமல் காத்திருக்கலாம்.

பாய், உங்கள் உண்மையான பயம் என்னவென்று கேட்டேன். ஆண் பயிற்சியாளர், ஆண் நடுவர், ராத் தங்கல் என்றீர்கள். நியாயமான கவலை. உங்கள் ஊரில் எத்தனையோ வாப்பாமார் இதே காரணத்துக்காகப் பிள்ளையை எட்டாம் வகுப்போடு மைதானத்திலிருந்து இழுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் எங்கிருந்து வருவார்? யாரோ ஒரு வாப்பா தன் மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பினால்தானே! கீழக்கரையிலும் சென்னையிலும் முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்தும் பெண்கள் கல்லூரிகள் இருக்கின்றன. மைதானத்தில் நிற்க அங்கெல்லாம் ஆள் வேண்டும்.

நிக்காஹ் பேச்சு வந்தால் பி.பி.எட். முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்காத இடம் வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கோச்சிங் சென்டருக்கு ஐந்தாயிரம் முன்பணம் கட்டியிருப்பதாகச் சாச்சா சொன்னார். இந்த வாரமே திரும்பக் கேட்கச் சொன்னேன். கிடைத்தால் அதில் முதல் வேலையாகப் பிள்ளைக்கு நல்ல ஷூ ஒன்று வாங்க வேண்டும். அவள் கழற்றிவிட்டு வந்த செருப்பின் வார் அறுந்திருந்தது.