கர்ப்ப காலத்தில் கார் விபத்து: இழப்பீட்டு மனுவைப் பிரசவம் வரை தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். ஆறாவது மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, கணவர் ஓட்டிய காரில் ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்குப் போகும் வழியில், பின்னால் வந்த சரக்கு வேன் எங்கள் கார் மீது மோதிவிட்டது. எனக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. லேசான உதிரப்போக்கும் இருந்ததால் மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். குழந்தை நன்றாக இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. கார் என் பெயரில் இருக்கிறது. வேன் உரிமையாளர் 40,000 ரூபாய் தருகிறேன், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். மாமனாரோ, பிரசவம் முடியட்டும், பிறகு கேஸ் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: வேன்காரருக்கு இப்போது எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். அதே சமயம், மாமனார் சொல்வதுபோல் கேஸைத் தள்ளியும் போடாதீர்கள். முழு நஷ்டம் எவ்வளவு என்று பிரசவத்துக்குப் பிறகுதான் தெரியும். சட்டத்தின் கெடுவோ அதற்காகக் காத்திருக்காது. மனுவை இப்போதே போட்டுவிட்டு, கணக்கைப் பிறகு முடிப்பதுதான் வழி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் 2019-ல் ஒரு திருத்தம் வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது அதன் சாரம். ஆறாம் மாதத்தில் விபத்து நடந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும்போது உங்கள் கெடு முடிந்துவிடும். தூக்கமில்லாத அந்த நாட்களில் வக்கீல் ஆபீஸுக்கு யார் அலைவது? இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் அது இடைக்கால உத்தரவுதான். அதை நம்பி நாளைக் கடத்துவது புத்திசாலித்தனம் அல்ல.

'நஷ்டம் முழுசாகத் தெரியாமல் எவ்வளவு என்று கேட்பது?' என்ற தயக்கம் எல்லோருக்கும் வருவதுதான். உத்தேசமாக ஒரு தொகையைப் போட்டு மனு செய்யலாம், பிறகு திருத்திக்கொள்ளலாம். ஏன், மனுவில் கேட்டதைவிடக் கூடுதலாகவே தீர்ப்பாயம் கொடுக்கலாம் என்று 2002-ல் நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கை ஊனம் எத்தனை சதவீதம் என்பதையும் மனு போட்ட பிறகுதான், எலும்பு சேர்ந்த நிலையில் மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும்.

அடுத்தது காகிதங்கள். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தால் அல்ல, காகிதத்தால்தான். முதலில் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை வாங்கிப் படித்துப் பாருங்கள். அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் 'வலது மணிக்கட்டில் வீக்கம், முழங்காலில் சிராய்ப்பு' என்று எழுதிவிட்டு, நீங்கள் கர்ப்பிணி என்பதையோ உதிரப்போக்கையோ எழுதாமல் விட்டிருக்கலாம். எந்த வாகனம் மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் அழைத்து வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். திருத்தல் உள்ள காகிதம் இன்னும் பெரிய சந்தேகத்தைக் கிளப்பும். அதற்குப் பதில், டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனையாவது வாரம், என்ன அறிகுறி, எத்தனை மணி நேரம் கண்காணித்தார்கள், என்ன ஸ்கேன் எடுத்தார்கள் என்பதைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

விபத்துக்கு முன்பு கர்ப்பம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கும் சான்று வேண்டும். பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) போட்ட தாய்-சேய் நல அட்டையும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் இதற்குப் போதும். விபத்துக்கு முன் எந்தப் பிரச்சினையும் இல்லை, விபத்துக்குப் பின்தான் வந்தது என்று காட்ட இதைவிட நேரடியான ஆவணம் இல்லை. 'ரத்த அழுத்தம் முன்பே இருந்தது, அதனால்தான் இப்படி ஆயிற்று' என்று காப்பீட்டு நிறுவனத்து வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பது வழக்கம். அந்த அட்டையில் மாதாமாதம் எழுதிய அழுத்த அளவுதான் அதற்குப் பதில்.

கேஸ் ஒருபுறம் இருக்கட்டும், உடம்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வயிற்றில் அடி பெரிதாகத் தெரியாவிட்டாலும் கர்ப்பப்பையிலிருந்து நஞ்சுக்கொடி பிரியும் வாய்ப்பு உண்டு. ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். அதனால்தான் 20 வாரத்துக்கு மேல் இருக்கும் பெண்ணை விபத்துக்குப் பிறகு குறைந்தது நான்கு மணி நேரமாவது, உதிரப்போக்கு இருந்தால் ஒரு நாளுக்குக் குறையாமல், குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே வைத்திருப்பார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையா என்று பாருங்கள். அப்படியானால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பு உருவாகாமல் தடுப்பது) போட்டிருக்க வேண்டும். போட்டார்களா என்று சம்மரியில் தேடுங்கள், இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். இனிமேலும் வயிறு இறுக்கமாகப் பிடித்தாலோ, அசைவு குறைந்தாலோ, அன்றைக்கே போய்க் காட்டுங்கள். 'அன்று ஒன்றும் இல்லை என்றார்களே' என்று வீட்டிலேயே இருந்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால், விபத்துக்கும் அந்தச் சிக்கலுக்கும் உள்ள தொடர்பை நிரூபிப்பது கஷ்டம்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? மருத்துவச் செலவு, சத்துணவு, போக்குவரத்து, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வலி-வேதனை, வருமான இழப்பு, ஊனத்தால் வரும் எதிர்கால இழப்பு என்று தனித்தனித் தலைப்பில் கணக்குப் போடுவார்கள். உங்கள் விஷயத்தில் பெரிய தொகை கடைசித் தலைப்பில்தான் இருக்கிறது. தையல்காரருக்கு வலது மணிக்கட்டு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்கக் கூடாது, அந்த ஊனம் அவர் செய்யும் வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2010-ல் ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உதாரணத்துக்கு, மாத வருமானம் 12,000 ரூபாய், பாதிப்பு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 16,800. வருடத்துக்கு 2,01,600. உங்கள் வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 17. பெருக்கினால் 34,27,200. அதில் 10 சதவீதம் எடுத்தால் 3,42,720 ரூபாய். இந்த ஒரு தலைப்புக்கே இவ்வளவு. வேன்காரர் ஏன் 40,000-க்கு அவசரப்படுகிறார் என்று இப்போது புரியும்.

சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலை வேண்டாம். வாடிக்கையாளர் அளவெடுத்து எழுதிய நோட்டு, ஜி-பே வரவு, நூல், லைனிங் வாங்கிய பில், மெஷின் வாங்கிய ரசீது எல்லாம் வருமானத்துக்குச் சான்றுதான். தொழிலே செய்யாத இல்லத்தரசியாக இருந்தாலும் அவருடைய வீட்டு வேலைக்கு மதிப்புப் போட்டாக வேண்டும் என்று 2021-ல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

'எப்படியும் பிரசவத்துக்காக வேலையை நிறுத்தத்தானே போகிறார்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்கு உங்கள் ஆர்டர் நோட்டையே காட்டலாம். எட்டாம் மாதம் வரை துணி கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தீர்கள் என்றால் அது தேதியோடு அதில் இருக்கும். அப்புறம், வலி-வேதனைத் தலைப்பில் பலர் கேட்க மறக்கும் ஒரு விஷயம்: கர்ப்பம் என்பதால் உங்களுக்கு எல்லா வலி மாத்திரையும் கொடுத்திருக்க மாட்டார்கள், அறுவை சிகிச்சையைக்கூடத் தள்ளிப்போட்டிருக்கலாம். மற்றவர் இரண்டு வாரத்தில் கடந்திருக்கும் வலியை நீங்கள் ஏழெட்டு வாரம் தாங்கியிருப்பீர்கள். மருத்துவர் அதைக் குறிப்பில் எழுதியிருந்தால், மனுவிலும் தனியாகச் சொல்ல வேண்டும்.

குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாக நடந்தால் குழந்தைக்கென்று தனி மனு தேவையில்லை. விபத்தால் குறைமாதப் பிரசவம் ஆகி, குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால், அந்தச் செலவை விபத்தோடு தொடர்புபடுத்தி மகப்பேறு மருத்துவர் எழுதித் தர வேண்டும். வயிற்றிலேயே குழந்தையை இழந்த பெண்களும் இழப்பீடு கேட்கலாம். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கருவைப் பிறந்த குழந்தைக்குச் சமமாகவே கருத வேண்டும் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும், கருவில் இறந்த குழந்தைக்குத் தனியாக 2.5 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கின்றன. அந்த நிலையில் இருப்பவர்கள் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. துக்கத்தில் இதையெல்லாம் கேட்கத் தோன்றாது, உறவினர் யாராவதுதான் கேட்டாக வேண்டும்.

கார் உங்கள் பெயரில் இருப்பது, வேன் மீது போடும் வழக்குக்குத் தடை இல்லை. ஆனால் உங்கள் கணவரும் திடீரென பிரேக் போட்டார் என்று காவல்துறை எழுதினால் சிக்கல். வேறொருவர் காரில் பயணியாகப் போயிருந்தால், இரண்டு ஓட்டுநர்களில் யாருடைய காப்பீட்டிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம். சொந்தக் காரின் உரிமையாளர் தன் காப்பீட்டின் பார்வையில் மூன்றாம் நபர், அதாவது வெளியாள், அல்ல. அதனால் அந்தக் கதவு உங்களுக்குக் கிட்டத்தட்ட அடைபட்டதுதான். எஃப்.ஐ.ஆரில் மோதிய விதம் சரியாக இருக்கிறதா என்று இன்றே படித்துப் பாருங்கள். சீட் பெல்ட் போட்டிருந்தீர்களா என்றும் கேட்பார்கள். போட்டிருந்தால் மருத்துவக் குறிப்பில் பெல்ட் அழுத்திய தடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனாலும் வழக்கு நிற்காது. வாய்தாவுக்கு வக்கீல் போவார், சாட்சி சொல்லும் நாளில் நீங்கள் போனால் போதும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல்கள் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிட்டிங் கார்டு கொடுக்கும் புரோக்கர்கள் வழியாகப் போகாதீர்கள். தீர்ப்பாயத்தில் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைக் கொடுங்கள், வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.